இலட்சியக் கடத்தியும் இழப்பின் கணக்கும்

மெய்யைத் தேடிச் செல்லும் அறிவு, வழியிலே பொய்யொன்றைத் துணையாகக் கொள்ளலாமா? இவ்வினா அறவியலுக்கு மட்டும் உரியதன்று. அறிவியல் என்று போற்றப்படும் துறைகளின் அடித்தளத்திலேயே இது கிடக்கின்றது. கேத்திரகணித நூலைத் திறப்பவன் அகலமில்லாத கோட்டைச் சந்திக்கின்றான். பொருளியல் நூலைத் திறப்பவன் எந்நேரமும் தன்னலத்தையே கணக்கிட்டு நடக்கும் மனிதனைச் சந்திக்கின்றான். பௌதிகவியல் நூலைத் திறப்பவனோ உராய்வில்லாத தளத்தையும், திணிவில்லாத இழையையும், தடையில்லாத கடத்தியையும் சந்திக்கின்றான். அன்றாட உலகில் இவற்றைக் கண்டவர் இலர். காணமுடியாது என்பது அந்நூல்களை எழுதியோருக்கும் தெரியும்; கற்போருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இரு சாராரும் அவற்றை உள்ளனபோல் வைத்துக் கணக்குச் செய்கின்றனர். அக்கணக்கின் விடை உலகோடு பெரும்பாலும் பொருந்தியும் விடுகின்றது. இது எங்ஙனம் நிகழ்கின்றது? பொருந்திவிடுகின்றது என்னும் ஒரு காரணத்தால் அப்பொய் குற்றமற்றதாகிவிடுமா?

இதனைப் பொதுப்பட ஆராய்வதினும் ஓர் எடுத்துக்காட்டைப் பற்றிக்கொண்டு ஆராய்தல் பயன்தரும். காலத்தோடு மாறும் மின்னோட்டம் ஒரு கடத்தியிலே பாயும்போது அதனின்று மின்காந்த அலைகள் கதிர்க்கின்றன என்னும் உண்மையே அவ்வெடுத்துக்காட்டு. கொழும்பிலே வாழ்வோர்க்கு இது புதியதன்று. சித்திரை மாதத்து மாலையிடியின்போது மத்திய அலையிலே வானொலியைத் திறந்து வைத்திருப்போர், மின்னல் வெட்டும் கணத்திலேயே பெட்டியில் ஒரு கரகரப்பைக் கேட்பர். இடியோசை அதன் பின்னரே வந்து சேரும். வானத்திலே சடுதியாகப் பாய்ந்து ஓய்ந்த ஓர் ஓட்டம், வெள்ளவத்தையிலுள்ள ஒரு வீட்டின் கம்பியிலே தன் வருகையை எழுதிச் சென்றது என்பதே அக்கரகரப்பின் பொருள்.

இயற்கை செய்ததை மனிதன் வேண்டுமென்றே செய்யத் தொடங்கியபோது ஒலிபரப்புப் பிறந்தது. இந்நகர் அதனை மிக முன்னதாகவே கண்டது. 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி நிலையத்துச் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளின் ஒலி பரீட்சார்த்தமாக அனுப்பப்பட்டது. முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் அவ்வொலிபரப்பியை அமைத்தனர். முன்னின்று நடத்தியவர் எட்வேட் ஹார்ப்பர். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். ஒலிபரப்பு வெலிக்கடையிலிருந்து நடைபெற்றது. அது 1949இல் இலங்கை வானொலியாகி, 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் பெயரைப் பெற்றது. அதன் தமிழ்ச் சேவை பாக்குநீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தமையை இருகரையிலும் உள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வர். கொல்வதற்காகச் செய்தி சுமந்த கருவி பாட்டுச் சுமக்கும் கருவியானது. கம்பி அவ்வேறுபாட்டை அறியாது.

கம்பி அறிவது யாது? நேரோட்டம் நிலையாகப் பாயுங்கால் கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் நிலைத்து நிற்கும். அதனின்று எதுவும் புறப்பட்டுச் செல்வதில்லை. ஓட்டம் கூடியும் குறைந்தும் திசைமாறியும் ஆடுமாயின், மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும், மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும் பிறப்பிக்க, இரண்டும் ஒன்றையொன்று தாங்கியபடி ஒளியின் வேகத்தில் வெளியே செல்லும். மக்ஸ்வெல் 1865இல் வெளியிட்ட கட்டுரையிலே இதனைச் சமன்பாடுகளால் நிறுவினார். ஹைன்றிச் ஹேட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளில் கால்ஸ்றூ நகரத்து ஆய்வுகூடத்திலே தீப்பொறிகளைக் கொண்டு மெய்ப்பித்தார்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வட்டவளையமொன்றிலே நிலையான ஓட்டம் பாயும்போது அதிலுள்ள ஒவ்வோர் இலத்திரனும் திசைமாறிக்கொண்டே செல்கின்றது. ஆகவே ஒவ்வொன்றும் ஆர்முடுகலுடையது. தனியே வட்டமிடும் ஏற்றம் கதிர்க்கும் என்பது விதி. எனினும் வளையம் கதிர்ப்பதில்லை. எண்ணிறந்த இலத்திரன்களை இடைவெளியற்ற ஒரே ஒழுக்காகக் கொண்டால், ஒன்றின் கதிர்ப்பை மற்றவற்றின் கதிர்ப்பு முற்றாக நீக்கிவிடுகின்றது. ஒழுங்கு குலையாத கூட்டத்திலே தனியனின் குரல் வெளியே கேட்பதில்லை. ஓட்டம் முழுவதும் மாறும்போதே கேட்கின்றது. இவ்விளக்கத்திலும் ‘இடைவெளியற்ற ஒழுக்கு’ என்பது உள்ளதன்று, எண்ணிக்கொள்ளப்பட்டதே என்பதை மறத்தலாகாது. ஏற்றம் துகள்துகளாகவே உளது.

ஹேட்ஸின் பணியிலே இருமை ஒன்று காணப்படும். அவர் கையாற் செய்த கருவியில் பருமனுள்ள கோல்களும், நுனிகளில் உலோகத் தகடுகளும் கோளங்களும், இடையே தீப்பொறி பாயும் சிறு வெளியும் இருந்தன. அவர் தாளிலே கணித்ததோ வேறொன்று. நீளம் மிகச் சுருங்கிய, பருமனே இல்லாத, ஏற்றம் இருதலையும் ஆடும் ஓர் இருமுனைவு அது. ஹேட்ஸ் இருமுனைவு என்று இன்றும் அது வழங்கப்படுகின்றது. ஒரே மனிதர் மெய்க்கம்பியைக் கையிலும் இல்லாக்கம்பியைக் கருத்திலும் வைத்திருந்தார். 36 வயதிலேயே மறைந்த அவர், இரண்டையும் ஒன்றென்று ஒருபோதும் மயங்கவில்லை.

1897இல் பொக்லிங்ரன் என்னும் ஆங்கிலக் கணிதவறிஞர் மெல்லிய, தடையில்லாத கம்பியிலே ஓட்டம் எவ்வாறு பரவும் என ஆராய்ந்தார். அது ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பரவும் என்றும், நிலையலையாக நிற்கும்போது சைன் வளைகோட்டின் வடிவைப் பெறும் என்றும் கண்டார். அதனின்று வந்ததே பின்னாளில் எல்லா வானொலிப் பொறியியல் நூல்களிலும் இடம்பெற்ற ஒரு விடை: அலைநீளத்தில் அரைப்பங்கு நீளமுள்ள கம்பி, தன்னை ஊட்டும் மூலத்துக்கு ஏறத்தாழ 73 ஓம் தடையாகத் தோன்றும். தடையே இல்லாத கம்பியிலே 73 ஓம் தடை எங்கிருந்து வந்தது? கம்பியிலிருந்து வரவில்லை. வெளியேறிச் செல்லும் அலைக்கு மூலம் கொடுக்கும் சக்தியே தடைபோற் கணக்கில் நிற்கின்றது. அதற்குக் கதிர்ப்புத்தடை என்று பெயர். உலோகத்திலே ஒரு துளி வெப்பமும் பிறவாதெனினும், கொடுத்தவனுக்குக் கொடுத்தது குறைந்தே தீரும். ஆகவே இழப்பு வேறு, ஈகை வேறு. மூலத்தின் கையிருப்பை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இலட்சியக் கடத்தி மற்றொரு வியப்பையும் காட்டும். பொயின்றிங் 1884இல் நிறுவியபடி, சக்தி உலோகத்தின் உள்ளே ஓடுவதன்று. அதைச் சூழ்ந்த வெளியிலே புலங்களின் வழியாகவே செல்வது. முற்றாகத் தடையற்ற கடத்தியின் மேற்பரப்பை ஒட்டி மின்புலம் இருக்கமுடியாது. எனவே அம்மேற்பரப்பிலிருந்து சக்தி எதுவும் வெளிவருவதில்லை, உள்ளே புகுவதுமில்லை. கதிர்க்கும் சக்தி முழுவதும் மூலம் இணைக்கப்பட்ட சிறு இடைவெளியிலிருந்தே புறப்படுகின்றது. நெடிய கம்பி அதற்கு வழிகாட்டுகின்றதேயன்றித் தான் ஒன்றும் கொடுப்பதில்லை, கொள்வதுமில்லை. தூதனின் பணியை இது நினைவூட்டும். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லியதைச் சொல்லியவாறே சேர்ப்பிப்பவன் நல்ல தூதன்.

ஆயின் இங்கேதான் மெய்யியல் மாணவன் சற்று நிற்றல் வேண்டும். கம்பியின் ஓட்டம் சரியாகச் சைன் வடிவினது என்பது ஓர் எடுகோள். கம்பி முற்றாகத் தடையற்றது என்பது மற்றோர் எடுகோள். முதலாவதைக் கொண்டு மின்புலத்தைக் கணித்தால், அது கம்பியின் மேற்பரப்பை ஒட்டிச் சூனியமாவதில்லை. இரண்டாவதோ அது சூனியமாகவே வேண்டும் என்கின்றது. இரண்டும் ஒருங்கே முற்றிலும் மெய்யாக இருத்தல் இயலாது. கம்பி மெலிய மெலிய அம்முரண் சுருங்கும்; அதுவும் மிக மெதுவாகவே சுருங்கும். பாடநூல்கள் இரண்டையும் அருகருகே வைத்து 73 ஓம் என்னும் விடையைப் பெறுகின்றன. அளந்து பார்த்தால் விடை அதனை அண்மித்தே வருகின்றது. உலகில் இல்லாதது என்பது ஒருபுறமிருக்க, தம்முள் ஒவ்வாத இரண்டு பொய்களிலிருந்தும் மெய்க்கு மிக அண்மையான ஒன்று பிறக்கின்றது.

இதற்கு மெய்யியலார் என்ன கூறினர்? ஜேர்மன் அறிஞர் வைஹிங்கர் 1911இல் வெளியிட்ட தம் நூலிலே, கருதுகோளையும் புனைவையும் பிரித்துக் காட்டினார். கருதுகோள் தன்னை மெய்யென்று நிறுவ முயல்வது. புனைவு தான் பொய்யென்பதை ஒத்துக்கொண்டே பயன்தர வருவது. முன்னையதற்கு வேண்டுவது சான்று. பின்னையதற்கு வேண்டுவது நியாயம். நான்சி காற்றைற் 1983இல் வெளியிட்ட நூலிலே இன்னும் ஒருபடி மேற்சென்றார். பௌதிகத்தின் பெருவிதிகள் விளக்கும் ஆற்றல் மிக்கனவாயிருப்பது, அவை உள்ளதை உள்ளவாறு சொல்லாமையினாலேயே என்பது அவர் கொண்ட நிலை.

தமிழ்மரபுக்கும் இப்பொருள் புதியதன்று. அருந்ததியைக் காட்ட விரும்புவோன் முதலில் அதன் அண்மையிலுள்ள பெரிய மீனைச் சுட்டி ‘அதுவே அருந்ததி’ என்பான். கண் அங்கே நிலைத்த பின்னர் ‘அதுவன்று, அதனருகே மங்கித் தோன்றும் இது’ என்பான். தூலாருந்ததி நியாயம் எனச் சாத்திர நூலார் இதனை வழங்குவர். முதலிற் சொல்லியது பொய்யே. ஆயினும் அது ஏமாற்றன்று. இரண்டாவது வாக்கியம் பின்தொடர்கின்றமையால் அது உபதேசமாகின்றது. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் எழுந்து போபவன், மாணவனை வாழ்நாள் முழுவதும் தவறான மீனை வணங்க வைத்தவனாவான். வள்ளுவரும் வாய்மை என்னும் அதிகாரத்திலே, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று கொண்டார். இவ்விடம் பலராலும் எளிதாகக் கையாளப்படுவது. பயன் இருந்தாற் போதும் என அவர் கூறவில்லை. நன்மை குற்றமற்றதாயிருத்தல் வேண்டும் என்று வரம்பிட்டுள்ளார். ஒருவர்க்கு நன்மையாகி மற்றொருவர்க்குத் தீமையாகும் பொய் அவ்வரம்புக்குள் அடங்காது.

அவ்வரம்பை எவ்வாறு அளப்பது? மீண்டும் கம்பியிடமே கேட்கலாம். ஒரு மெகாஹேட்ஸ் மீடிறனுடைய அலையின் நீளம் 300 மீற்றர். அதற்குரிய அரையலைக் கம்பி 150 மீற்றர் நீளமானது. இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்புக்கம்பியை அதற்கு எடுத்துக்கொண்டால், ஆடலோட்டம் செம்பின் உள்ளே செல்லாது 0.07 மில்லிமீற்றர் அளவான புறத்தோலிலேயே பாயும். அதனால் உண்டாகும் இழப்பு ஏறத்தாழ மூன்று ஓமுக்குச் சமம். கதிர்ப்புத்தடையோ 73 ஓம். கொடுத்த வலுவில் நூற்றுக்கு நான்கு பங்கே வெப்பமாகின்றது; ஆதலால் செம்பைத் தடையற்றதெனக் கொண்டது பெருந்தவறன்று. இனி, அதே கம்பியை மூன்று மீற்றராக வெட்டி, நடுவில் ஊட்டி, அதே மீடிறனில் இயக்குவதாகக் கொள்க. கதிர்ப்புத்தடை ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். செம்பின் இழப்போ அதனைப்போல் இருமடங்காக நிற்கும். கொடுத்த வலுவில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகிவிடும். செம்பு மாறவில்லை, அலை மாறவில்லை, எடுகோளும் மாறவில்லை. நெடிய கம்பியிலே குற்றமற்றதாயிருந்த அதே சொல், குறுகிய கம்பியிலே விடையைத் தலைகீழாக்கும் பொய்யாகிவிட்டது.

ஆகவே ஒரு புனைவு நல்லதா தீயதா என்பதை அப்புனைவை மட்டும் நோக்கித் தீர்க்கமுடியாது. அது எங்கே, யார்மீது, எவ்வளவிற் பிரயோகிக்கப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். பெரியோனிடத்தில் மறக்கத்தக்க இழப்பு, சிறியோனிடத்தில் அவன் முழு இருப்பையும் உண்டுவிடலாம். இதிலிருந்து மூன்று நிபந்தனைகளை வகுக்கலாம். எடுகோளைக் கொள்பவன் அது எடுகோள் என்பதை வெளிப்படையாகச் சொல்லல் வேண்டும். அதனால் விளையும் வழுவின் அளவை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வளவு வரம்பு மீறும் இடத்தில் எடுகோளைக் கைவிட ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அருந்ததியைக் காட்டும் நல்லாசிரியன் செய்வதும் இதுவே.

இந்நிபந்தனைகள் மனிதர் நடுவே எவ்வாறு நிற்கின்றன எனக் காண்பதற்குக் கொழும்பிலே இடங்கள் பல உள. வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழுந்துள்ள மாடிமனைகளை எண்ணுக. அத்தகைய மனைகளின் கூரையிலே கைத்தொலைபேசிக் கம்பம் ஒன்று நாட்டப்படுமாயின் கீழே வாழ்வோர் அஞ்சுவது இயல்பு. தமிழிலே கதிர்வீச்சு என்னும் ஒரே சொல் அணுக்குண்டின் கதிரையும் வானொலியின் அலையையும் குறிப்பது அவ்வச்சத்தை வளர்க்கின்றது. இவ்வலைகளுக்கு அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்க்கும் சக்தி இல்லை. ஐயமின்றி நிறுவப்பட்ட அவற்றின் முதன்மையான விளைவு வெப்பமே. பொதுமக்களுக்கான சர்வதேச வரையறை, தீங்கு தொடங்கலாம் எனக் கருதப்படும் அளவின் ஐம்பதில் ஒரு பங்காக விதிக்கப்பட்டுள்ளது. அதே வேளையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் இவ்வலைகளைப் ‘புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்’ என்னும் வகுப்பிலே வைத்தது. அவ்வகுப்பு, சான்று மட்டுப்பட்டது என்பதைக் குறிப்பதேயன்றி, தீங்கு நிறுவப்பட்டது என்பதைக் குறிப்பதன்று. இரண்டையும் ஒருங்கே சொல்வதே நேர்மை. ‘கணித்தாயிற்று, அச்சம் வேண்டா’ என்று மட்டும் சொல்பவன், அக்கணக்கு தொலைப்புலத்துக்குரிய எளிய சூத்திரத்தால் வந்ததா, அன்றி அவ்வீட்டின் யன்னலருகே அளந்து பெற்றதா என்பதைச் சொல்லாது விடுகின்றான். ‘கதிரெல்லாம் நஞ்சு’ என்பவனோ அளவு என்னும் ஒன்றையே மறந்துவிடுகின்றான். அயலானின் அச்சத்துக்குச் செய்யவேண்டிய மரியாதை, அவனை இகழாமலும் ஏமாற்றாமலும் அளவுகருவியோடு அவன் வாசலுக்குச் செல்வதாகும்.

இதனிலும் பாரதூரமான எடுகோள்கள் சட்டங்களிலும் ஆட்சிமுறையிலும் உறைந்து கிடக்கின்றன. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியபோது, நாட்டின் குடிமகன் என்னும் கம்பியிலே மொழியால் எழும் தடை சூனியம் என ஒரு கணக்குப் போடப்பட்டது. கணக்குப் போட்டவர் பலருக்கு அது மெய்யாகவே சூனியமாயிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அலுவலகமொன்றுக்குச் சென்று, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலே எழுதப்பட்ட வாக்குமூலத்தின் அடியில் ஒப்பமிட்டுத் திரும்பும் ஒரு மூதாட்டிக்கு அது சூனியமன்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இரண்டாவது வாக்கியம் முப்பத்தோர் ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்டது. சட்டநூலிலே சொல்லப்பட்டது கருமபீடங்கள் எல்லாவற்றிலும் இன்னும் முழுமையாகச் சொல்லப்படவில்லை.

பிறர்மீது சாட்டும் இவ்வளவுகோலைத் தமிழ்ச் சமூகம் தன்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டும். ‘தமிழர்’ என்று ஒரே சொல்லாற் பேசும் மேடைகள், தடையற்ற ஒரு கடத்தியையே கற்பனை செய்கின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியபோது, அதற்குத் துணைநின்ற தமிழ்த் தலைவர்களும் இருந்தனர். தோட்டத்து லயத்திலிருந்து வந்து வெள்ளவத்தை வீடொன்றின் சமையலறையிலே உழைக்கும் பெண்ணும் தமிழே பேசுகின்றாள். அவளும் வீட்டுத் தலைவியும் ஒரே சொல்லுள் அடங்குவர் என்பது எடுகோள். அவள் எந்தப் பாயில் உறங்குகின்றாள், எந்தக் கோப்பையில் தேநீர் அருந்துகின்றாள் என்பது அளவை. எடுகோளைப் பேசுவோர் அளவையைச் செய்வதற்குப் பெரும்பாலும் முன்வருவதில்லை.

செம்பையும் மனிதரையும் ஒப்பிடுதல் முறையன்று என்று இங்கு தடை எழுப்பலாம். செம்பு வருந்துவதில்லை, மனிதர் வருந்துவர், ஆகையால் ஒன்றன் நியாயம் மற்றதற்குப் பொருந்தாது என்பது அத்தடை. அது சரியானதே. ஆயினும் அவ்வேறுபாடு நிபந்தனைகளைத் தளர்த்துவதில்லை, இறுக்குகின்றது. கம்பியிலே மறைக்கப்பட்ட இழப்பு தானாகவே வெப்பமாக வெளிப்படும். தொட்ட கை அறிந்துகொள்ளும். வெப்பமானி பக்கச்சார்பின்றிச் சொல்லும். மனிதரிடத்தே மறைக்கப்பட்ட இழப்பு மௌனமாகத் தங்கிவிடலாம். அதனைச் சுமப்பவர்க்குப் பேச இடமில்லையாயின், கணக்குச் சரியென்றே ஏட்டிற் பதியப்படும். சடப்பொருளைப் பற்றிய புனைவை உலகமே திருத்திவிடுகின்றது. மனிதரைப் பற்றிய புனைவை மனிதரே திருத்தவேண்டியிருக்கின்றது. ஆதலின் சமூகத்தைப் பற்றி எடுகோள் கொள்வோர்க்கு நான்காவது நிபந்தனை ஒன்று உண்டு. சூனியமெனக் கொள்ளப்பட்ட இழப்பு யாரிடத்திற் சூனியமன்றோ, அவரிடமே கணக்கைக் காட்டி ஒப்புதல் கேட்டல் வேண்டும்.

எஞ்சியுள்ளது தூதனின் பொறுப்பு. இலட்சியக் கடத்தி ஒன்றும் கூட்டுவதில்லை, ஒன்றும் குறைப்பதில்லை என்று கண்டோம். ஒலிபரப்பாளர், மொழிபெயர்ப்பாளர், அலுவலர் எனப் பலரும் தம்மைப் பற்றி இவ்வாறே சொல்லிக்கொள்வர்: ‘தந்ததைத் தந்தவாறே சேர்ப்பித்தேன், என்மீது பழியில்லை.’ கம்பியின் இலக்கணத்தை முழுமையாகப் படிப்போர்க்கு இச்சமாதானம் போதாது. கம்பி சக்தியைக் கொடுப்பதில்லையாயினும் திசையைக் கொடுக்கின்றது. நிமிர்ந்து நிற்கும் கம்பி தன்னைச் சூழ்ந்த நாற்றிசையிலும் கதிர்க்கும். தன் உச்சிக்கு நேரே கதிர்ப்பதில்லை. படுத்துக் கிடக்கும் கம்பியோ தன் இரு நுனிகளை நோக்கிய திசைகளில் மௌனமாயிருக்கும். இழப்பே இல்லாத கடத்திக்கும் வடிவம் உண்டு. வடிவம் உள்ளதனைத்தும் சிலரை நோக்கிப் பேசுகின்றது, சிலரை நோக்கிப் பேசாது விடுகின்றது. எவரும் தூயவராகலாம், எத்திசையும் நோக்காதவராகமுடியாது.

அலை ஒருமுறை நீங்கியபின் அது மூலத்துக்குக் கட்டுப்பட்டதன்று. கம்பியை அண்டிய புலத்தின் ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மூலத்துக்கே திரும்பி வரும். சொல்ல நினைத்துச் சொல்லாது மீட்டுக்கொண்ட சொல்லைப் போன்றது அது. தொலைவுக்குச் சென்ற பகுதி திரும்புவதில்லை. வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் அலை பத்துக் கிலோமீற்றர் அளவிலுள்ள கொட்டாஞ்சேனையை அடைய ஒரு செக்கனில் முப்பதினாயிரத்தில் ஒரு பங்கு செல்லும். அச்சிறு இடைக்குள் மூலத்தை நிறுத்திவிட்டாலும் அலை தன் வழியே சென்று சேரும். கேட்பவன் பெறுவது மூலம் இப்போது இருக்கும் நிலையையன்று; அது அப்போது இருந்த நிலையை. மனம் மாறியவன் தான் மாறுமுன் சொன்ன சொல்லை அழைத்துக்கொள்ளமுடியாது. அதனைப் பின்தொடர மற்றொரு சொல்லை அனுப்ப மட்டுமே முடியும். அதுவும் முன்னதைப் பிடிக்காது. சமூகத்தில் வெறுப்பைப் பரப்பும் சொல்லுக்குப் பின்னர் வரும் மன்னிப்பு எப்போதும் காலந்தாழ்த்தி வருவது இதனாலேயே.

மெய்யைத் தேடும் அறிவு பொய்யைத் துணைக்கொள்ளலாமா என்னும் வினாவுக்கு, கொள்ளலாம் என்பதே இவ்வாராய்ச்சி தரும் விடை. கொள்ளாமல் ஒரு கம்பியின் கதிர்ப்பைக்கூடக் கணிக்கமுடியாது. ஆயின் அத்துணை கடன்வாங்கிய துணை. கடன் வாங்கியவன் தொகையை மறக்கலாகாது, தவணையை மறக்கலாகாது, கடனைத் தன் பெயரில் எழுதிப் பிறர் வீட்டில் அறவிடலாகாது. தடையற்ற கடத்தி தாளிலே வாழும் வரைக்கும் அது அறிவின் கருவி. அதனை வீதிக்குக் கொண்டுவருவோர், இழப்பு எங்கே வெப்பமாகின்றது என்று ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்க்கும் கடமையையும் உடன் கொண்டுவருதல் வேண்டும்.